எடை போட்டுப் பார்த்த ஒரு முடிவு

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னை அழைத்தபோது, "உன் வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். நான் சிவில் பொறியாளன். சாலை, சிறுபாலம், கட்டடம் என்று பன்னிரண்டு வருடமாக சைட்டில் நிற்கிறவன். "அண்ணே, வேலையைப் பத்தியும் பேசறேன். ஆனா வேற ஒரு விஷயத்தை வச்சுப் பேசறேன்" என்று சொல்லி விஷயத்தையும் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசு, நம்ம பசங்களுக்கும் தெரியட்டும்" என்றார். அவருக்கு என் நன்றி.

விஷயம் இதுதான். நான் ஒரு திருநம்பி. என்னோடு படித்தவர்களுக்கு என்னை வேறு பெயரில், மகளிர் விடுதி மாணவியாகத் தெரியும். பிறப்பில் பெண் என்று பதிவானேன், ஆணாக வாழ்கிறேன். டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடங்குவதா, வேண்டாமா என்று இரண்டு வருடமாக எடை போட்டுப் பார்த்தேன். எப்படி எடை போட்டேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இத்தனை பேர் முன்னால் ஏன் என்று கேட்கலாம். இந்த அரங்கின் கடைசி வரிசையில் இதே கேள்வியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். நான் படித்த காலத்தில் இதற்கு விடை தேட நம் நூலகத்தில் ஒரு பக்கம் கூடக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்து மக்களுக்குத் திருநர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும். சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா வந்தால் விழுப்புரம் லாட்ஜுகளில் அறை கிடைப்பது கஷ்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கூவாகம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் திருவிழாக் கூட்டம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டைத் தொட்டுத்தான் போகிறது. அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறவர்கள் திருநங்கைகள். ஆணென்று பதிவாகிப் பெண்ணாக வாழ்பவர்கள். எங்கள் கதை அதற்கு எதிர்த் திசையில் போவது. அந்தச் சடங்கில் எங்களுக்கென்று தனி இடம் இல்லை. தெருவில் பார்த்தால், "கிராப் வெட்டிக்கிட்ட பொண்ணு" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் பாரதத்தில் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்குச் சிகண்டியைத் தெரியும். துருபதன் மகளாகப் பிறந்து மகனாக வளர்க்கப்பட்டவர். கல்யாணமும் ஆகிவிடுகிறது. உண்மை தெரிந்து மாமனார் படை திரட்ட, சிகண்டி காட்டுக்குப் போகிறார். அங்கே ஸ்தூணன் என்கிற யட்சன் மனமிரங்கி, தன் ஆண் வடிவத்தைக் கொஞ்ச காலத்துக்குக் கடனாகக் கொடுத்து, அவர் வடிவத்தை வாங்கிக்கொள்கிறான். இதைக் கண்டு கோபித்த குபேரன், "சிகண்டி சாகும்வரை நீ இப்படியே இரு" என்று யட்சனைச் சபித்துவிடுகிறான். சொன்ன சொல் தவறாமல் சிகண்டி திருப்பிக் கொடுக்க வந்தபோது, வாங்கிக்கொள்ள வழியில்லை. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டதில் சில திரும்பாமல் போகும் என்பதை அந்தக் கதை சொல்கிறது. இந்த மருந்தின் கணக்கும் அதுதான்.

மருந்து என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். டெஸ்டோஸ்டீரோன் எல்லார் உடம்பிலும் ஊறுகிற ஒரு ஹார்மோன். வயது வந்த ஆண்களின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். பெண்களுக்கும் உண்டு; அளவு மிகக் குறைவு. 1935ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூர் குழுவினர் காளையின் விதைகளிலிருந்து இதைத் தனியே பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு புட்டெனாண்ட் ஒருபுறமும் ருசீச்கா மறுபுறமும் இதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஊசியாகவும், தோலில் தடவும் ஜெல்லாகவும் இந்த மருந்து உண்டு. சஸ்டனான் என்ற ஊசி மருந்தில் டெஸ்டோஸ்டீரோனின் நான்கு வகைச் சேர்மங்களைக் கடலை எண்ணெயில் கரைத்து வைத்திருக்கிறார்கள். ஆமாம், நம்ம மல்லாட்டை எண்ணெய்தான்! டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களின் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரனான எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் மல்லாட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. முதலிலேயே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவராக அறியப்படுகிறவர் மைக்கேல் டில்லன். 1915ல் லண்டனில் பிறந்தவர். 1939ல், பிரிஸ்டல் நகரில் ஒரு மருத்துவர் மூலமாக டெஸ்டோஸ்டீரோன் மாத்திரை அவர் கைக்கு வந்தது. அப்போது அந்த மருந்துக்கு வயது நாலு. ஒரு மோட்டார் காரேஜில் வேலை பார்த்துக்கொண்டே மாறினார். பிறகு டப்ளினில் மருத்துவம் படித்து டாக்டரானார். 1958ல் பத்திரிகைகள் அவர் கதையைத் தோண்டி எடுத்து அம்பலப்படுத்தியபோது எங்கே வந்தார் தெரியுமா? நம் இந்தியாவுக்குத்தான். பௌத்தம் பயின்றார், லடாக்கில் ரிசோங் மடத்தில் இளம் துறவியாக வாழ்ந்தார், புத்தரின் மருத்துவரான ஜீவகரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். 1962ல் டல்ஹௌசியில் காலமானார். அவருக்கு முன்னால் நடந்தவர் யாரும் இல்லை. என்ன ஆகும், எத்தனை மாதத்தில் ஆகும், எது திரும்பும் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உலக அளவிலான திருநர் மருத்துவச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி 2022ல் வந்தது. ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி 2017ல் ஒன்று வெளியிட்டது. படித்துப் பார்க்கக் கையில் தகவல் இருக்கிறது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். கட்டமைப்பியல் வகுப்பில் ஐ.எஸ். 875 படித்தது நினைவிருக்கும். முதல் பாகம் நிலைச்சுமை. அதாவது கட்டடத்தின் சொந்த எடை. அதன் பிறகுதான் ஆட்கள், சாமான், காற்று என்று மேலே வந்து ஏறும் சுமைகள். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் மேலே வரப்போகிற சுமையையே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். உத்திரம் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிற எடையை விட்டுவிடுவார்கள். இந்த மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் அப்படித்தான். "அதை ஆரம்பிச்சா என்னென்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. "ஆரம்பிக்காம இருக்கறதுக்கு இப்ப என்ன செலவாகுது?" என்று கேட்பவர் குறைவு.

என் நிலைச்சுமை என்ன? சைட்டிலிருந்து ரெடிமிக்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு லோடு கேட்டால், என் குரலைக் கேட்டு, "இன்ஜினியர் சார்கிட்ட போனைக் குடுங்க மேடம்" என்பார்கள். மாதம் தவறாமல் வருகிற மாதவிலக்கு. ஒதுங்க இடமில்லாத சைட். மார்பை இறுக்கிக் கட்டுகிற உள்சட்டையோடு அக்னி நட்சத்திரத்தில் விழுப்புரம் வெயிலில் எட்டு மணி நேரம். 2021ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கும், அடுத்துத் திருநங்கைகளுக்கும் இலவசப் பயணம் வந்தபோது, நான் காசை நீட்ட, நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இலவச டிக்கெட்டை நீட்டுவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன எடைதான். ஆனால் நாள் தவறாமல் நிற்கிற எடை. அதைச் சேர்க்காமல் போடுகிற கணக்கு சரியான கணக்கு ஆகாது.

இந்த எடையை மருந்து குறைக்குமா என்பதற்கும் ஆய்வு உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், டெஸ்டோஸ்டீரோன் தொடங்கக் காத்திருந்த 64 பேரை இரண்டு பிரிவாக, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றப் பிரிவுக்கு மூன்று மாதம் கழித்து. 2023ல் வெளியான முடிவில், உடனே தொடங்கியவர்களுக்கு உடல் குறித்த மன வேதனையும், மனச்சோர்வும், தற்கொலை எண்ணமும் காத்திருந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. 64 பேர் என்பது சிறிய எண்ணிக்கை; மூன்று மாதம் என்பது குறுகிய காலம். அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் இது கற்பனையில் பிறந்த நன்மை இல்லை என்று தெரிகிறது.

அடுத்து, மருந்து செய்யும் மாற்றங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதினேன்.

முதல் பத்தி, நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பக்கூடியவை. மாதவிலக்கு நிற்பது, சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். தோல் எண்ணெய் வடிவதும் முகப்பருவும். இடுப்பிலிருந்து வயிற்றுப் பக்கம் கொழுப்பு நகர்வது. தசை கூடுவது. இவை முழுதாக வர இரண்டு முதல் ஐந்து வருடம் ஆகலாம்.

இரண்டாவது பத்தி, வந்தால் வந்ததுதான். குரல் தடிப்பது. பெரும்பாலோருக்கு முதல் வருடத்துக்குள்ளேயே தொடங்கிவிடும்; நிறுத்தினாலும் பழைய குரல் வராது. மீசை, தாடி, உடல் ரோமம். இவை முழுமையடைய நாலைந்து வருடம் பிடிக்கும். பிறப்புறுப்பில் ஏற்படும் சிறு வளர்ச்சி. பிறகு, மரபு இருந்தால் வழுக்கை. என் அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதிலேயே முன்மண்டை வெளிச்சமாகிவிட்டது. ஆகவே அந்தச் சொத்தில் எனக்குப் பங்கு நிச்சயம்!

மருந்து செய்யாதவையும் உண்டு. வளர்ச்சி முடிந்த எலும்பை அது நீட்டாது, உயரம் கூடாது. மார்பை அகற்றாது. இவை தெரியாமல் தொடங்கினால் ஏமாற்றம் வரும்.

கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு செக்கிங் உண்டு என்பது சைட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சென்ட்ரிங் சரியா, கம்பி இடைவெளி சரியா, கவர் பிளாக் வைத்தாச்சா, கரண்ட் பைப் விட்டாச்சா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலவை மேலே ஏறும். கான்கிரீட் கெட்ட பொருள் என்பதற்காக அந்தச் செக்கிங் இல்லை. இறுகினால் திருப்ப முடியாது என்பதற்காக. நானும் அப்படியே செய்தேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹீமட்டோகிரிட், 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்து உறைகிற அபாயம் உண்டு. மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்தி வைப்பார். புகை பிடிப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக ஏறும். ஆகவே, முன்னால் டீக்கடையில் என்னோடு நின்றவர்கள் கவனிக்கவும், நான் சிகரெட்டை விட்டாயிற்று. நல்ல கொழுப்பு கொஞ்சம் இறங்கலாம். ரத்த அழுத்தம் ஏறலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு இருந்தால் அதிகமாகலாம். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையும் பரிசோதனை. நாற்பது வயதுக்கு மேல் எல்லாரும் பார்க்க வேண்டியதை நான் கொஞ்சம் முன்னாலேயே பார்க்கத் தொடங்குகிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது, மனநல மருத்துவர். "உன்னைச் சரிபண்ணிடறேன்" என்று சொல்கிறவர் இல்லை. அப்படிச் சொல்வது தவறு என்பது இப்போது முடிந்துபோன விஷயம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலினத்தையும் பாலீர்ப்பையும் மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் நிலையை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது. பிறகு மனநல மருத்துவர் எதற்கு? என் எதிர்பார்ப்பு நியாயமானதா, பதட்டத்தில் எடுக்கிற முடிவா என்று பேசிப் பார்ப்பதற்கு. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பயன்பட்டது: "ஒரு தீவுல நீங்க மட்டும் இருக்கீங்க, யாரும் உங்களப் பாக்கப்போறதில்ல. அப்பவும் இது வேணுமா?"

மூன்றாவது, குழந்தை. இதை எடை போடத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. மருந்து மாதவிலக்கை நிறுத்தினாலும் அதைக் கருத்தடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவுற்றிருக்கும்போது எடுக்கவே கூடாது. நாளைக்குப் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், கருமுட்டையைச் சேமித்து வைப்பதைப் பற்றித் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த சஹத் என்ற திருநம்பி, ஹார்மோனை இடையில் நிறுத்தி, 2023 பிப்ரவரியில் ஒரு குழந்தையைப் பெற்றார். சஹத்தும் அவர் துணைவி சியாவும் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்பதற்குப் பதில் பெற்றோர் என்று குறிக்க வேண்டும் என்று வழக்காடி, 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றார்கள். ஆகவே கதவு அடைபடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. திறந்தே இருக்கும் என்று உத்தரவாதமும் கிடையாது. ஒருவர் மனத்தை அவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொண்டேன், என் பதிலோடு சமாதானமாக இருக்கிறேன்.

நான்காவது, வேலை. ஆடம் ஹாரி என்ற கேரளத் திருநம்பி விமானி ஆகப் பயிற்சி பெற்றவர். ஹார்மோன் எடுக்கிறார் என்ற காரணத்தால் அவருடைய மருத்துவத் தகுதிச் சான்று தடைப்பட்டது. அந்த விவகாரம் வெளியே வந்த பிறகு, 2022 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்ககம் திருநர்களின் மருத்துவத் தகுதிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. விமானியே இதற்குப் போராட வேண்டியிருந்தது என்றால், மருத்துவப் பரிசோதனை உள்ள வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் விதிகளை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் முக்கியமாகக் கருதும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த மருந்து என்னை ஆணாக ஆக்கப்போவதில்லை. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி, நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி இருவரும் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்வது அவர் உரிமை, அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றார்கள். சான்றிதழ், அலுவலகம், படிவம் பற்றிய விதிகள் 2019 சட்டத்தில் ஒரு மாதிரி வந்தன; விதிகள் மாறும், மறுபடியும் மாறும். விண்ணப்பிக்கிற அன்றைக்கு உள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது. யாருக்கும் நிரூபிப்பதற்காக ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் படியை எடுத்துத் தூரப் போட்ட பிறகுதான் தராசு நேராக நின்றது. ஒரு தட்டில் என் அன்றாட வாழ்க்கை. மறு தட்டில் என் உடல்நலம். எடை போட வேண்டியது இந்த இரண்டைத்தான்.

எனக்குத் தெரிந்த இன்னொரு திருநம்பி இதே நோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர் பாடகர், குரலை விட மனமில்லை. அவர் என்னைவிட ஒரு மாற்றுக் குறைந்த ஆண் இல்லை. அவர் எடை அவருக்குச் சரி, என் எடை எனக்குச் சரி.

வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன் முடிவு. ஆனா டாக்டர் யாருன்னு நான் பாக்கணும்" என்றார். திண்டிவனத்தில் ரயிலேறிச் சென்னைக்கு என்னோடு வந்து, மருத்துவரிடம் என்னைவிட அதிகக் கேள்வி கேட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் குரல் போயிடுமா?" போயிடும்மா என்றேன். கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சின்ன வயசுல மார்கழி மாசம் கோயில்ல பாடுவியே, அத ஒரு வாட்டி பாடி போன்ல புடிச்சுக் குடுத்துடு" என்றார். பாடிக் கொடுத்திருக்கிறேன். என் தராசில் நான் எழுத மறுத்த ஒரு எடை அது; அம்மா பக்கத்து எடை. அதற்கு எண் கிடையாது. ஆனால் இப்போதெல்லாம் சாப்பாடு போடும்போது அம்மாவின் "இந்தாம்மா" போய் "இந்தாப்பா" வந்திருக்கிறது. அவரும் ஏதோ எடை போட்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொடங்குகிறேன். பரிசோதனைகள் முடிந்துவிட்டன, அடுத்த மாதம் முதல் ஊசி. திரும்பாத பத்தியை மறுபடி மறுபடி படித்தேன். அதில் உள்ளவற்றில் வழுக்கை ஒன்றைத் தவிர மற்றது எதுவும் எனக்குப் பயமாக இல்லை, வேண்டியதாகவே இருந்தது. திரும்பாது என்பதாலேயே ஒன்று தப்பாகிவிடாது. கட்டின பாலமும் திரும்பாதுதான். நன்றாக எடை போட்டுக் கட்டினோமா என்பதுதான் கேள்வி.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாருக்காவது இந்தக் கேள்வி இருந்தால், அவசரப்பட்டு ஜிம்மில் விற்கிற ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. அளவு கூடினால் ஆண்மை கூடாது, ரத்தம்தான் தடிக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். அங்கே போய்க் கேளுங்கள். கேள்வி இல்லாதவர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடியும்வரை காத்திருக்க முடிவு செய்கிறவரும் கோழை இல்லை. அவர் நிலைச்சுமை அவருக்குத்தான் தெரியும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகைப் பதிவில் ஒரு பெயரைக் கூப்பிடும்போது ஒரு பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, "உன்னை என்னன்னு கூப்பிடணும்?" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் தோளிலிருந்து எத்தனை கிலோ இறங்கும் என்பதை நான் அறிவேன்.

என் பேட்ச் நண்பர்களுக்குக் கடைசியாக. மருந்து எடுத்தாயிற்றா, ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்க வேண்டாம்; சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள், போதும். அடுத்த கூடலுக்கு நான் வரும்போது என் குரல் வேறாக இருக்கும். மைக்கில் யாரோ பேசுகிறார் என்று தோன்றினால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மூன்றாவது செமஸ்டரில் உங்களுக்கெல்லாம் சர்வே ரெக்கார்டு எழுதிக் கொடுத்த அதே ஆள்தான். அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.